இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவன்: விமானப்படை விமானி ஆக இப்போதிருந்தே எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகிலுள்ள கல்லூரியில் மின்னணுத் தொடர்பியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறந்தது 2006 ஆகஸ்டு மாதம். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல் இரண்டிலும் 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்திருக்கிறேன். கல்லூரியில் இதுவரை அரியர் இல்லை.

சிறுவயதில் விடுமுறைக்குச் சூலூரிலுள்ள மாமா வீட்டுக்குப் போவோம். மொட்டைமாடியில் நின்று தேஜஸ் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை இது. ஆனால் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள் முப்படை அதிகாரிகளாகச் சேர எழுதும் என்.டி.ஏ. என்றொரு தேர்வு இருப்பதே பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எங்கள் பள்ளியில் யாருக்கும் தெரியாது. இப்போது அதற்கு வயது கடந்துவிட்டது.

என் குழப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்களிலும் மைனஸ் 0.75 கண்ணாடி அணிகிறேன்; இதோடு கதவு மூடிவிட்டதா? விமான ஓட்டி உரிமம் கையில் இல்லாமல் விமானப்படையில் சேரவே முடியாது என்று ஆலோசகர் ஒருவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறார். மூன்றாவதாக, ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன், பேசும்போது தடுமாறுகிறேன். விவரம் தெரிந்த பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற_டெக்னீஷியன்

தம்பிக்கு வணக்கம். நான் அதிகாரி அல்ல. விமானப்படையில் இருபது ஆண்டுகள் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அதில் ஒரு பகுதி தாம்பரத்திலும், கடைசிச் சில ஆண்டுகள் கர்நாடகத்துப் பீதரில் ஹாக் பயிற்சி விமானங்களோடும் கழிந்தன. விமானிகளைக் கீழேயிருந்து பார்த்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவிடம் நிலத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். விமானப்படையில் சேர எந்த உரிமமும் தேவையில்லை. பறக்கக் கற்றுக்கொடுப்பது அவர்கள் பொறுப்பு. அதற்காக உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, பயிற்சியின் கடைசி ஆண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். அந்த ஆலோசகர் சொன்னதில் உண்மையின் ஒரு துணுக்கு இருக்கிறது: சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் வழங்கிய வணிக விமானி உரிமம் வைத்திருப்பவருக்கு உயர்ந்தபட்ச வயது 24லிருந்து 26 ஆகத் தளர்த்தப்படும். இரண்டு ஆண்டு வயதுச் சலுகைக்காக, குறைந்தது 200 மணி நேரம் பறந்து, அரைக் கோடி ரூபாய் அளவுக்குச் செலவழித்து வாங்கும் உரிமம் அது. உங்களுக்கு வயது இருக்கிறது, அது எதற்கு?

பட்டதாரிகளுக்கு வழிகள் மூன்று. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வான சி.டி.எஸ். வழியே போனால் நிரந்தரப் பணி. ஆனால் அண்மை அறிவிக்கைகளில் ஒரு தேர்வுக்கு, அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் விமானப்படைக் கழகத்துக்கென ஒதுக்கப்படும் இடங்கள் வெறும் 32. விமானப்படையே நடத்தும் பொது நுழைவுத் தேர்வான ஆஃப்கேட் வழியே போனால் விமானிப் பிரிவில் 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி; அதற்கு மேல் நீட்டிப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பார்கள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் அத்தனை மணி நேரப் பறத்தல் அனுபவத்தோடு வெளியே வருபவரைப் பயணிகள் விமான நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன்; அதனால் எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. மூன்றாவது வழி, என்.சி.சி. வான்பிரிவில் 'சி' சான்றிதழ். அது இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே நேர்காணல் நடத்தும் தேர்வு வாரியத்துக்குப் போகலாம். தரைப்படைப் பிரிவின் சான்றிதழ் இதற்குச் செல்லாது. இரண்டாம் ஆண்டின் பாதி கடந்த நிலையில், உங்கள் கல்லூரியில் வான்பிரிவும் இல்லையென்றால், இந்த வழியை மறந்துவிடலாம்.

இரண்டு எழுத்துத் தேர்வுகளும் ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. ஆஃப்கேட் தேர்வில் 100 கேள்விகள், 300 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். சி.டி.எஸ். தேர்வில் ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என மூன்று தாள்கள். ஒன்றுக்குப் படித்தால் மற்றதற்கும் பெரும்பாலும் உதவும் என்பதால் இரண்டையும் எழுதுங்கள்.

வயதை எல்லோரும் விண்ணப்ப நாளில் கணக்கிட்டுக் குழம்புகிறார்கள். பயிற்சி தொடங்கும் நாளில் 20 நிறைந்திருக்க வேண்டும், 24 கடந்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. அந்த வயதில் திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் பட்டப்படிப்பு 2028 மே மாத வாக்கில் முடியும். இறுதியாண்டு மாணவர்கள் அரியர் இல்லாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதால், 2027இன் இரண்டாம் ஆஃப்கேட் தேர்வை, அதாவது 2028 ஜூலையில் தொடங்கும் பயிற்சிக்கானதை, நீங்கள் எழுதலாம். உங்கள் பிறந்த மாதப்படி 2030 ஜூலைப் பயிற்சிவரை தகுதி நீடிக்கிறது. எண்ணிப் பாருங்கள்: ஆஃப்கேட்டில் மட்டும் ஐந்து வாய்ப்புகள். பட்டத்தில் 60 விழுக்காடு வேண்டும். ஒரு தாளில் அரியர் விழுந்தால் இந்த ஐந்தில் ஒன்று கையைவிட்டுப் போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஓர் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. விமானிக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ.; காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை, தொடையின் நீளம் 64 செ.மீ.க்கு மிகக் கூடாது. உட்கார்ந்த நிலை உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரை. கால் குட்டையாக இருந்தால், விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் ரடர் பெடல் முழுதாக எட்டாது. தொடை நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடித்து நொறுங்கிவிடும். இவை எதையும் உழைப்பால் மாற்ற முடியாது. இரண்டு ஆண்டுகள் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் படித்து, வாரியத்திலும் தேறி, தொடை இரண்டு சென்டிமீட்டர் அதிகம் என்று திரும்பிய பையனை எனக்குத் தெரியும்.

பதில் 2: கண்_பரிசோதகர்

மேலே ஐயா சொன்னதோடு கண்ணைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது என்னிடம் வருகிறார்கள்.

விமானிப் பிரிவுக்கு ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 பார்வை கண்ணாடி இல்லாமலே வேண்டும். கிட்டப்பார்வை அறவே கூடாது. ஆகவே இன்றைய நிலையில் உங்கள் மைனஸ் 0.75 தகுதிக்குள் வராது. கதவு மூடவில்லை, சாத்தியிருக்கிறது. லேசிக், பி.ஆர்.கே. ஆகிய லேசர் சிகிச்சைகளை விமானப்படை நிபந்தனைகளோடு ஏற்கிறது. கத்தியால் கீறிச் செய்யப்பட்ட பழைய ஆர்.கே. முறையை ஏற்பதில்லை. லேசிக் சிகிச்சை 20 வயதுக்கு முன் செய்யப்பட்டிருக்கக் கூடாது; செய்தபின் 12 மாதங்களாவது சிக்கலின்றிக் கடந்திருக்க வேண்டும்; விழியின் முன்பின் நீளம், விழித்திரையின் நலம், விழியின் முன்படலமான கார்னியாவின் கனம் ஆகியவை வரம்புக்குள் இருக்க வேண்டும்; சிகிச்சைக்குப் பிறகும் விமானிப் பிரிவுக்கு உரிய பார்வை அளவு எட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன், அப்போதைய ஆஃப்கேட் அறிவிக்கையின் மருத்துவப் பகுதியை அச்செடுத்து உங்கள் கண் மருத்துவரின் மேசையில் வைத்துப் பேசுங்கள். 'டிஃபென்ஸுக்குச் செல்லும்' என்று வாய்மொழியாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

உங்களுக்கு வரும் ஆகஸ்டில் 20 நிறைகிறது. அன்றே ஓடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கண்ணாடி எண் ஓராண்டாக மாறாமல் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது லேசர் செய்தால் ஈராண்டில் மீண்டும் கண்ணாடி வரும், இரண்டாவது சிகிச்சை என்பது வேறு கதை. இப்போதே ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் அளந்து பதிவுசெய்து வையுங்கள். 2026 இறுதியில் செய்துகொண்டால், 2027 இறுதியில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தாலும் ஓராண்டு நிறைந்திருக்கும்.

இன்னொன்று: பணம் செலவழிக்குமுன் நிறப்பார்வையைச் சோதியுங்கள். புள்ளிகளுக்கு நடுவே எண்களைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைச் சோதனை எந்தக் கண் மருத்துவமனையிலும் ஐந்து நிமிட வேலை. ஆண்களில் சிவப்பு, பச்சைக் குறைபாடு அரிதன்று. பலர் அது தமக்கு இருப்பதை அறியாமலே இருபது வயதுவரை வளர்ந்துவிடுகிறார்கள். அதற்கு அறுவை சிகிச்சையும் இல்லை, விதிவிலக்கும் இல்லை.

சிகிச்சை செய்துகொண்டால் அதை மறைக்கவும் எண்ண வேண்டாம். பெங்களூரிலுள்ள வான்வெளி மருத்துவ நிறுவனத்திலோ, டெல்லியிலுள்ள மத்திய மருத்துவ அமைப்பிலோதான் விமானிகளுக்கான பரிசோதனை நடக்கும். கார்னியாவின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்துப் பார்க்கும் இடத்தில் லேசிக் தழும்பு ஒளிந்துகொள்ளாது. ஆவணங்களோடு நேர்மையாகச் செல்வதுதான் வழி.

பதில் 3: மைசூரிலிருந்து_திரும்பியவன்

தம்பி, மேலே இருவரும் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் தோற்றவன் என்ற தகுதியில் தேர்வு வாரியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத் தேராதூன், மைசூர், காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களிலுள்ள விமானப்படைத் தேர்வு வாரியங்களுக்கு அழைப்பார்கள். நம் பக்கத்தவர்க்கு மைசூர் அருகில். முதல்முறை போகிறவர்க்கு மூன்றாம் அடுக்கு ஏசி ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள் என்பதால், வீட்டில் பணத்தைக் காரணம் சொல்லித் தடுக்க முடியாது. முதல் நாளிலேயே அறிவுத்திறன் தேர்வும், மங்கலான ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாக விவாதிக்கும் தேர்வும் வைத்துப் பெரும்பாலோரை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்குபவர்க்கு அடுத்த நாட்களில் உளவியல் தேர்வு, குழுச் செயல்பாடுகள், நேர்காணல்.

உங்கள் ஆங்கிலக் கவலை இங்கேதான் பொருந்தும். சொல் தேர்வில் 60 சொற்கள் திரையில் வரும்; ஒவ்வொன்றுக்கும் 15 நொடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தமிழில் நினைத்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்க அதில் நேரம் இல்லை. ஆனால் நேர்காணலில் அவர்கள் பார்ப்பது உச்சரிப்பை அன்று. என் குழுவில் ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் இலக்கணப் பிழைகளோடுதான் பேசினார். தம் ஊரில் கண்மாய் தூர்வாரும் வேலையில் தாம் செய்ததைச் சொன்னபோது அறையே கேட்டது. அவர் தேர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த வாக்கியங்களை நான் ஒப்பித்த முதல் முயற்சியில் என்னை அனுப்பிவிட்டார்கள். ஆகவே விடுதியில் உங்களைப் போலவே தடுமாறும் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு தினமும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், சிரிப்பவர் சிரிக்கட்டும். இரண்டு ஆண்டு என்பது அதற்குத் தாராளமான அவகாசம்.

இரண்டாம் முயற்சியில் நான் பரிந்துரைக்கப்பட்டேன். அதன்பின் விமானிப் பிரிவு கேட்டிருந்தவர்களை மட்டும் கணினிவழி விமானித் தேர்வுக்கு அழைத்துச் சென்றார்கள். சி.பி.எஸ்.எஸ். என்பார்கள், முன்பு பி.ஏ.பி.டி. என்ற பெயரில் இருந்தது. விமானத்தின் கருவிப் பலகையைப் படம் காட்டி, முள்கள் நிற்கும் நிலையிலிருந்து விமானம் ஏறுகிறதா, சாய்கிறதா, எத்திசையில் போகிறது என்று கேட்பது ஒரு பகுதி. விமானத்தில் இருப்பதுபோல் கையில் கட்டுப்பாட்டுக் கோலும் காலில் பெடலும் கொடுத்து, திரையில் அலையும் புள்ளியை நடுவே நிறுத்தச் சொல்வது இன்னொன்று. நான்கு நாள் நெருக்கடியில் சரியாகத் தூங்காமல் இருந்தேன். முதல் நிமிடத்தில் புள்ளி ஓடியதும் பதறி, காலை அழுத்தி அழுத்தித் துரத்தினேன். அது துரத்தத் துரத்த விலகும் பொருள் என்பது வெளியே வந்த பிறகுதான் விளங்கியது.

இந்தத் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். எழுத்துத் தேர்வை மீண்டும் எழுதலாம், வாரியத்துக்கு மீண்டும் போகலாம். இதில் தவறியவர் எந்த வழியாகவும் மீண்டும் விமானிப் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியாது. எனவே 'சும்மா அனுபவத்துக்கு ஒருமுறை போய் வருகிறேன்' என்று அரைகுறைத் தயாரிப்போடு மைசூருக்கு ரயில் ஏறாதீர்கள். தப்பித்தவறிப் பரிந்துரை கிடைத்துவிட்டால் அந்த ஒற்றை வாய்ப்பும் செலவாகிவிடும். உயரமானி, திசைகாட்டி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் ஆகியவற்றைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் எப்படியாவது தூங்குங்கள்.

நான் செய்த இன்னொரு பிழை, விண்ணப்பத்தில் விமானிப் பிரிவை மட்டும் குறித்தது. அது வீரம் என்று அப்போது நினைத்தேன். நீங்கள் மின்னணுத் தொடர்பியல் படிக்கிறீர்கள். தொழில்நுட்பப் பிரிவையும் அடுத்த விருப்பமாகக் குறியுங்கள். அதற்குக் கண்ணாடி தடையில்லை.

இடைக்கேள்வி: தாமிரபரணி_பெண்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே விவரங்கள் பெண்களுக்கும் பொருந்துமா? நான் இயற்பியல் இளநிலை முதலாமாண்டு.

பதில் 4: ஓய்வுபெற்ற_டெக்னீஷியன்

ஆஃப்கேட் வழிக்குப் பொருந்தும், அம்மா. ஆஃப்கேட் விமானிப் பிரிவு ஆண், பெண் இருவருக்கும் உரியது. பெண்கள் 1990களிலிருந்தே ஹெலிகாப்டரும் போக்குவரத்து விமானமும் ஓட்டுகிறார்கள். போர் விமானப் பிரிவு 2016இல் திறந்தது. அந்த ஆண்டு ஜூன் 18 அன்று துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் முதல் அணியாகப் போர் விமானப் பிரிவில் அதிகாரிகளாகப் பணியேற்றார்கள். சோதனை முயற்சி என்று தொடங்கிய அந்த ஏற்பாடு 2022இல் நிரந்தரமானது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் தலா 50 விழுக்காடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இளநிலையில் இயற்பியல் படிப்பது பள்ளியில் விட்ட கணக்கை ஈடுசெய்யாது.

தம்பிக்கு ஒரு சேர்க்கை. தேர்வானால் எல்லாரும் போர் விமானம் ஓட்டப் போவதில்லை. பயிற்சியில் முதல் கட்டம் ஹைதராபாத் அருகே துண்டிகலில், பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில். அதில் காட்டும் திறனையும் படையின் தேவையையும் வைத்துத்தான் போர் விமானம், போக்குவரத்து, ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். பிறகு அந்தந்தப் பிரிவின் பயிற்சித் தளத்துக்கு, ஒருவர் பீதர் போவார், ஒருவர் எலகங்கா போவார், ஒருவர் ஹக்கிம்பேட் போவார். சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய் என்று போர் விமானங்கள் நிற்கின்றன என்பதற்காக அவற்றை மட்டுமே மனத்தில் வைத்துப் போகிறவர்கள், ஹெலிகாப்டர் கிடைத்தால் ஏதோ தோற்றுவிட்டதுபோல் வீட்டுக்குத் தொலைபேசியில் அழுவதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவனை எடுக்கப் போவது ஹெலிகாப்டர்தான், சுகோய் அன்று.

பீதரில் ஒரு காட்சி அடிக்கடி பார்ப்பேன். பயிற்சி விமானி நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கோலைப் பிடித்து, இல்லாத பொத்தான்களை வரிசையாகத் தொட்டு, அன்றைய பறத்தல் முழுவதையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்த எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். மேலே போனபின் யோசிக்க நேரம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

மீண்டும்: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று கண் மருத்துவமனைக்குப் போய்வந்தேன். நிறப்பார்வையில் குறையில்லை. எண் சென்ற ஆண்டைப் போலவே 0.75இல் நிற்கிறது, ஆகஸ்டில் மறுபடி அளந்துவிட்டு லேசிக் பற்றி முடிவெடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உயரம் 171, கால் 104, தொடை 60 செ.மீ.; அளந்தது அம்மா, தையல் நாடாவால். அப்பாவிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். நிலத்துப் பேச்சு நின்றுவிட்டது. 'பதினாலு வருசத்துக்கு அப்புறம் என்ன செய்வே?' என்று மட்டும் கேட்டார், அதற்காகவே சி.டி.எஸ். தேர்வையும் சேர்த்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டம் எவ்வளவு பழக வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 5: மைசூரிலிருந்து_திரும்பியவன்

பயிற்சிக்கு வருமுன் 1.6 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் ஓட முடிய வேண்டும், பத்துத் தண்டால், மூன்று புல்-அப் எடுக்க முடிய வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. ஓட்டம் யாருக்கும் பெரிதாக இராது. புல்-அப் கம்பியை இன்றே தேடிப் பிடியுங்கள்; நான் முதல் ஒன்றை எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.